கார்டு இருக்கிறது, மருந்துக்கு மட்டும் ஏன் காசு?

(கூட்டமைப்பின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியது. பேச்சை எழுத்தில் தர வேண்டும் என்று பல குழுக்கள் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



சென்ற காலாண்டில் நம் குழுக்களின் உள்கடன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். 'கடன் எதற்கு' என்ற கட்டத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருந்ததை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்த உறுப்பினர்கள் பலரிடம் போய்ப் பேசினோம். ஆஸ்பத்திரியில் படுத்ததற்காக எடுத்த கடன் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. மாசாமாசம் மாத்திரை வாங்க எடுத்த கடன்தான் அதிகம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று சின்னச் சின்னத் தொகை. போன மாதக் கடன் அடையுமுன்னே இந்த மாதம் இன்னொன்று. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் காப்பீட்டு கார்டு பத்திரமாக, கவர் போட்டு, பீரோவில் இருக்கிறது.

அப்படிப் பேசியபோது ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப இதே மாத்திரைக்குக் காசே வாங்கல. வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கடையில நானூறுங்கறாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில நூத்தி இருபதுங்கறாங்க. பெரியாஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்க. எதும்மா நெசமான விலை?"

இன்றைக்கு நாம் பேசப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாத்திரையின் விலை என்ன என்பது ஒன்று. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது.

முதலில் யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். நம்மிடம் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட கார்டு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது, 2012-ல் இந்தப் பெயருக்கு மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்கிறார்கள். இந்த 5 லட்சம் என்ற எண்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. வங்கியில் போட்ட பணம் மாதிரி எந்த வைத்தியத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. இது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கான திட்டம். எந்தெந்த நோய்க்கு, எந்தெந்த ஆபரேஷனுக்கு என்று பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை பேசி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் 'இலைக்கு இவ்வளவு' என்று பேசி விடுகிறோம் இல்லையா? எண்ணெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று நாம் பார்ப்பதில்லை. அது மாதிரிதான் இதுவும். கட்டில், டாக்டர், ஆபரேஷன், ஊசி, மாத்திரை எல்லாம் அந்த மொத்தத் தொகைக்குள் அடக்கம்.

ஆகவே ஆஸ்பத்திரியில் இருந்தவரை மாத்திரைக்கு விலை இல்லாமல் இருக்கவில்லை. விலை இருந்தது, அதை வேறு கணக்கில் கட்டினார்கள், நம் கண்ணுக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தக் கணக்கு மூடிவிடுகிறது. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி வீட்டுக்கு வந்த பின் 15 நாள் வரைக்குமான மருந்தும் அந்தத் தொகையில் சேர்ந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காததால் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அதற்கப்புறம் வரும் மாதாந்திர மாத்திரை முழுக்க நம் கையில்தான். சுகர், பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று ஓ.பி. சீட்டில் எழுதும் மாத்திரைக்கு இந்த கார்டு பணம் தராது. கார்டைக் காட்டிக் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அவர் மேல் தப்பில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் கார்டில் சேர்ந்து படுத்திருக்கும்போதே 'இந்த ஊசியை வெளியில் வாங்கிட்டு வாங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அது தப்பு. மொத்தத் தொகைக்குள் அது அடக்கம். காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். முதலில் அவரிடம் கேளுங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போகலாம். 104 என்ற எண்ணுக்கும் போன் செய்து கேட்கலாம். பில் இல்லாமல் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுப்பது பில் ஆகாது.

இங்கே ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர், ஊர் வேண்டாம். நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கார்டு மூலமாகவே ஸ்டென்ட் வைத்தார்கள். கைக்காசு செலவாகவில்லை. நல்லபடியாக வீட்டுக்கு வந்தார். கையில் ஐந்து வகை மாத்திரை எழுதிய சீட்டு. அந்த ஆஸ்பத்திரிக் கடையிலேயே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல். அவர் டெம்போ ஓட்டுகிறவர், வேலைக்கு இன்னும் போகவில்லை. நம் உறுப்பினர் முதல் மாதம் சேமிப்பில் வாங்கினார், இரண்டாம் மாதம் குழுவில் கடன், மூன்றாம் மாதம் கம்மலை வைத்தார். நாலாம் மாதம் வீட்டுக்காரரே, "உடம்புதான் நல்லாயிருக்கே, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டார்.

சகோதரிகளே, ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நடுவில் நிறுத்தினால், வைத்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. அப்படிக் கட்டினால் திரும்பவும் மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து பெரும்பாலும் ஓராண்டு என்று எழுதுவார்கள். எவ்வளவு காலம் என்பதை வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அரசு பணம் கட்டி வைத்த ஸ்டென்ட், மாதம் சில நூறு ரூபாய் மாத்திரை இல்லாமல் வீணாகப் போகும் நிலைமை. இதை நாங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை என்றுதான் நினைக்கிறோம். ஆபரேஷனுக்குப் பணம் உண்டு, ஆபரேஷன் வீணாகாமல் காக்கும் மாத்திரைக்குப் பணம் கிடையாது.

அந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவு ஓ.பி.க்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் சம்மரியைப் பார்த்து, ஐந்தில் நான்கு மருந்தை அங்கேயே இலவசமாக எழுதினார். ஐந்தாவது சத்து மாத்திரை, அது தேவையில்லை என்று அடித்துவிட்டார். தனியாரில் ஆபரேஷன் செய்தவர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நிறையப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டோ, திட்டுவார்கள் என்று பயந்தோ போவதில்லை. போங்கள். சம்மரி, ஈ.சி.ஜி., பழைய சீட்டு எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இனி விலைக்கு வருவோம். ஒரே மாத்திரைக்கு இத்தனை விலை எப்படி?

புடவை எடுக்கப் போனால் நாமே தொட்டுப் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கி எடுக்கிறோம். மாத்திரையில் எழுதுகிறவர் ஒருவர், விற்கிறவர் ஒருவர், விழுங்குகிறவர் ஒருவர், பணம் கட்டுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். எழுதுகிறவருக்கு விலை தெரிய வேண்டிய அவசியமில்லை. கட்டுகிறவருக்குப் பொருள் தெரியாது. இப்படி இருக்கிற சந்தையில் விலை தானாக இறங்காது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். (காப்பீட்டு அட்டையும் அட்டை, மாத்திரை அட்டையும் அட்டை. நம்மிடம் இரண்டும் இருக்கிறது, இரண்டிலும் எழுதியிருப்பதை நாம் படிப்பதில்லை!) பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதன் கீழே, அல்லது மேலே, சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். மெட்பார்மின் 500 என்றோ, அட்டோர்வாஸ்டாட்டின் 10 என்றோ. அந்தச் சின்ன எழுத்துதான் மருந்து. பெரிய எழுத்து என்பது பிள்ளைக்கு வைத்த பெயர் மாதிரி. ஒரே மருந்துக்கு நம் நாட்டில் பல பத்து கம்பெனிகள் பல பத்துப் பெயர் வைத்து விற்கின்றன. டாக்டர் பெரும்பாலும் பெரிய எழுத்துப் பெயரைத்தான் எழுதுகிறார். மருந்தின் பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்து, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சரி, கடைக்காரரே வேறு கம்பெனி மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். டாக்டர் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டிய மருந்துகளில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் கேட்க வேண்டிய இடம் கடை இல்லை, டாக்டரின் மேசை. "ஐயா, இதே மருந்து குறைஞ்ச விலையில எழுதிக் குடுங்க", "மருந்து பேரை மட்டும் எழுதுங்க" என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். கேட்க நமக்குத்தான் வாய் வருவதில்லை. வங்கி மேலாளரிடம் கடனுக்கு வாதாடுகிற நாம், டாக்டர் முன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

விலைக்குக் கட்டுப்பாடே இல்லையா என்றால், இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் என்று 1997 முதல் ஒரு அமைப்பு இருக்கிறது. அத்தியாவசிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2022-ல் புதுப்பித்த பட்டியலில் 384 மருந்துகள். இவற்றுக்கு உச்சவரம்பு விலை வைக்கிறார்கள், அதற்கு மேல் யாரும் விற்க முடியாது. அந்த உச்சவரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. செய்ய எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதில்லை. சந்தையில் ஒரு சதவீதமாவது விற்பனை உள்ள கம்பெனிகள் கடைக்காரருக்கு என்ன விலைக்குத் தருகின்றன என்று பார்த்து, அதன் சராசரியை எடுத்து, கடைக்காரர் லாபம் 16 சதவீதம் சேர்க்கிறார்கள். 2013-ல் வந்த முறை இது. விலை கூடிய கம்பெனிகளும் அந்தச் சராசரிக்குள் இருப்பதால் உச்சவரம்பே கொஞ்சம் உயரத்தில்தான் நிற்கும். அதற்குக் கீழே எந்த விலைக்கும் விற்கலாம். அதனால்தான் பட்டியல் மருந்துக்குள்ளேயே கடைக்குக் கடை வித்தியாசம்.

பட்டியலில் இல்லாத மருந்துக்கு உச்சவரம்பு இல்லை. முதல் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும் விதி. இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்துச் செய்தாலும் கணக்கு மாறிவிடும். ஒரு சுகர் மாத்திரை தனியாக மலிவாக இருக்கும், இன்னொன்றும் தனியாக மலிவாக இருக்கும். சேர்த்து ஒன்றாக வாங்கினால் இரண்டின் கூட்டுத் தொகையைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. ஒரு மாத்திரைதானே என்ற வசதி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காசு இல்லாதபோது இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

புது மருந்துகளின் கதை வேறு. ஒரு கம்பெனிக்குக் காப்புரிமை இருக்கும்வரை அது வைத்ததே விலை. காப்புரிமை முடிந்த அன்று மற்றவர்களும் செய்யலாம், விலை சரிகிறது. எம்பாகிளிப்ளோசின் என்ற சுகர் மாத்திரைக்கு 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய். முடிந்த சில நாட்களிலேயே 10 ரூபாய்க்குக் கீழேயும் பல கம்பெனி மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் பழைய சீட்டிலேயே பழைய பெயரில் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. சீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. '20 சதவீதம் தள்ளுபடி', '50 சதவீதம் தள்ளுபடி' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அட்டையில் அச்சிட்ட விலை 100 ரூபாய். கடைக்காரருக்கு அது 20 ரூபாய்க்கு வந்தது. பாதி விலை என்று 50-க்குக் கொடுத்தாலும் அவருக்கு 30 லாபம். பக்கத்துக் கடையில் அதே மருந்து வேறு கம்பெனி, அச்சு விலையே 35, தள்ளுபடி எதுவுமில்லை. எது மலிவு? தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், ஒரு மாத்திரை என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். ஒரு அட்டையில் 10 இருக்கும், இன்னொன்றில் 15 இருக்கும், அதிலும் ஏமாறுவோம். நம் பொருளாளர்கள் வட்டிக் கணக்கை விரல் விட்டே போடுகிறவர்கள், இந்தக் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

விலை குறைந்த இடங்கள் என்று பார்த்தால், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதல் இருக்கின்றன. இவற்றில் மருந்துப் பெயரிலேயே விற்கிறார்கள், கம்பெனிப் பெயர் மருந்தைவிட ஐம்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைவு. (அங்கேயே நாப்கின் ஒன்று ஒரு ரூபாய் என்று 2019-ல் கொண்டுவந்தார்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையும் கேட்டுப் பாருங்கள்.) தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ல் முதல்வர் மருந்தகம் என்று 1000 கடைகளைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கடைகளும் அவற்றில் உண்டு. நம் வட்டாரத்தில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றையும்விடக் குறைந்த விலை இலவசம்தான். அரசு ஆஸ்பத்திரி மருந்து எப்படி இலவசமாக வருகிறது? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994-ல் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை மொத்தமாக, மருந்துப் பெயரிலேயே டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். ஊருக்கே சேர்த்து அரிசி வாங்கினால் விலை இறங்குவது போல இங்கேயும் இறங்குகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன முறை இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற வேலைக்கு எடுத்த பெண்கள் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். பதிந்திருந்தும் மாத்திரை வராமல் விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது நம் உரிமை.

"சும்மா குடுக்கற மாத்திரை கேக்குமா?" என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விடுகிறது. அதற்காகக் குறையே வராது என்று சொல்லவில்லை. ஆனால் விலை கூடினால் தரம் கூடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் பச்சைக் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதுவும் கம்பெனிப் பெயர் போட்டு, டாக்டர் எழுதி, கடையில் காசுக்கு விற்ற மருந்துதான். தரத்தைக் காப்பது சோதனை. விலைச்சீட்டு இல்லை.

இ.எஸ்.ஐ. பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், முக்கால் சதவீதம். முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். இது மற்றக் காப்பீடு மாதிரி இல்லை, ஓ.பி. மாத்திரையும் இதில் உண்டு. தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் உண்டு. டிஸ்பென்சரியில் மருந்து இருப்பில்லை என்றால் வெளியில் வாங்க எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பில் கொடுத்துப் பணம் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. நாங்கள் பேசிய வீடுகளில், மகள் மில்லில் இ.எஸ்.ஐ. கட்டிக்கொண்டிருக்க, அம்மா குழுவில் கடன் வாங்கி சுகர் மாத்திரை வாங்குகிற வீடு ஒன்றல்ல, நாலைந்து. அம்மா பெயர் கார்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். இந்த வாரமே மில் ஆபீஸில் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

தனியார் காப்பீட்டு பாலிசி எடுத்திருப்பவர்கள் நம்மில் குறைவு, இருந்தாலும் கேட்டதால் சொல்கிறோம். பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு 30 நாள் முன்பும், வந்த பின் 60 நாளும் ஆகும் மருந்துச் செலவு சேரும். பில்லில் நோயாளி பெயர், தேதி இருக்க வேண்டும், டாக்டர் சீட்டு கூடவே இருக்க வேண்டும். 'சும்மா குடுப்பா' என்று பில் போடாமல் வாங்கினால் அந்தப் பணம் போச்சு. சில பாலிசிகளில் நாமும் ஒரு பங்கு கட்ட வேண்டும். ஆரோக்ய சஞ்சீவனி என்று 2020 முதல் எல்லாக் கம்பெனியும் தரும் பாலிசியில் அது 5 சதவீதம். ரூம் வாடகையிலும் ஒரு கண்ணி உண்டு. பாலிசி ஒரு நாளைக்கு 2000 ரூபாய் ரூம் என்று சொல்ல, நாம் 4000 ரூபாய் ரூமில் படுத்தால், டாக்டர் பீஸ் வரை பாதியாகக் குறைத்துவிடலாம். ஆனால் மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற பொருளுக்கும் அப்படிக் குறைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள். கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகள் தருவதில்லை, அது நம் பணம்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானது. தனிநபர், குடும்பப் பாலிசி பிரீமியத்துக்கு 18 சதவீதம் இருந்தது முழுவதுமாக எடுக்கப்பட்டது. பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் உறுப்பினர்கள் சில கேள்விகள் கேட்டார்கள். இரண்டை மட்டும் இங்கே தருகிறோம்.

"குழுவில் மருந்துக்குக் கடன் கேட்டா குடுக்க வேண்டாம்னு சொல்றீங்களா?" அப்படிச் சொல்லவில்லை அக்கா. கேட்ட அன்றைக்கே கொடுங்கள். கொடுத்த கையோடு, அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. இருக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா, சின்ன எழுத்தில் என்ன பெயர் என்று பத்து நிமிஷம் பாருங்கள். இரண்டாம் மாதம் அந்தக் கடன் தேவைப்படாமல் போகலாம். நோய் என்ன என்று எல்லார் முன்னாலும் சொல்ல விருப்பமில்லாதவர்கள் இருப்பார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஊக்குநரிடம் தனியாகக் காட்டினால் போதும்.

"எங்க பொண்ணு வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுது. நாளைக்கே மலிவுக் கடையில மாத்திடட்டுமா?" வேண்டாம். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவர்கள், இவர்கள் எல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் கம்பெனி மாற்றக் கூடாது. இந்த மருந்துகளில் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிவிடும். டாக்டரே மாற்றி எழுதினால் மாற்றலாம், மாற்றிய பின் சில வாரத்தில் பரிசோதனை செய்யச் சொல்வார், அதைத் தவறவிடக் கூடாது. பெண்ணுக்கு நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று விசாரித்துச் சொல்கிறோம். பழைய சீட்டை எடுத்து வைத்திருங்கள், நம் களப்பணியாளர் ஒருவர் உங்களோடு வருவார்.